நெருஞ்சி முள்ளும் கிராவல் பைக்கும்

என் கிராவல் பைக், அதாவது சரளைச் சாலைச் சைக்கிள், முதல்முறை பஞ்சர் ஆனபோது, டயரிலிருந்து பிடுங்கிய முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நெருஞ்சி. சந்தேகமே இல்லை. கோவில்பட்டிப் பக்கம் செருப்பில்லாமல் ஓடித் திரிந்த காலத்தில் குதிகாலில் ஏறிய அதே முள். எப்படித் தூக்கிப் போட்டாலும் ஒரு கொம்பு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற அதே காய். தெற்குக் கலிபோர்னியாவில் இதை ஆட்டுத்தலை என்கிறார்கள்; காயைத் திருப்பிப் பார்த்தால் கொம்பு வைத்த கிடா மாதிரிதான் இருக்கிறது. தாவரவியல்காரர்களுக்கு இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ். வெளியிலிருந்து வந்து இங்கே பரவிய செடி. இதை ஒடுக்குவதற்காக 1961இல் இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டுகளின் பூர்வீகத்தில் இந்தியாவும் உண்டு என்று படித்தபோது, ஊர்க்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. வண்டுகள் வேலை செய்கின்றனவா என்று என் டயரைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு கவுண்டியில் அலிசோ அண்ட் வுட் கேன்யன்ஸ் வில்டர்னஸ் பார்க் என்று ஒரு காட்டுப் பூங்கா இருக்கிறது. சுமார் 4,500 ஏக்கர், 30 மைலுக்கு மேல் பாதைகள். வில்டர்னஸ் என்ற பெயரைக் கேட்டு அடர்ந்த வனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். லகூனா நிகேல், அலிசோ வியேஹோ, லகூனா பீச் ஆகிய ஊர்கள் சுற்றிலும் நெருக்கி நிற்க, நடுவில் வீடு கட்டாமல் விட்ட பள்ளத்தாக்கும் மலைமுதுகும்தான். மலை என்றால் நம் ஊர்க் கரடு மாதிரி: முழங்கால் உயரப் புதர், காய்ந்த புல், ஓடைக்கரையில் மட்டும் சிக்கமோர், ஓக் மரங்கள். அலிசோ என்ற ஸ்பானியச் சொல்லை அந்தக் காலத்துக் கலிபோர்னியாக்காரர்கள் அந்த சிக்கமோர் மரத்துக்குத்தான் சொன்னார்கள்.

நான் இர்வைனில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. முதுகு வலிக்கு ஓட்டம் ஒத்துவரவில்லை, ரோட்டில் சைக்கிள் விட்டால் கார்களைப் பார்த்து மனைவிக்குப் பயம். அப்போதுதான் அலுவலக நண்பர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், தஞ்சாவூர்க்காரர், “அண்ணே, கிராவல் பைக் வாங்குங்க, ரோட்டுலயும் போகும், காட்டுலயும் போகும்” என்றார். போகும் என்பது உண்மைதான். எப்படிப் போகும் என்பதை மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: கிராவல் பைக் பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். டயர் மட்டும் தடிமன், 38இலிருந்து 50 மில்லிமீட்டர் வரை. டிஸ்க் பிரேக். பெரும்பாலும் சஸ்பென்ஷன் கிடையாது. மவுன்டன் பைக்கில் முன் ஃபோர்க் விழுங்கிக்கொள்ளும் குலுக்கலை இங்கே உங்கள் மணிக்கட்டும் டயரில் இருக்கிற காற்றும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சரளைச் சாலைகளில் நெடுந்தூரம் போவதற்கென்று உருவான வண்டி இது. கான்சஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006 முதல் நடக்கும் 200 மைல் சரளைப் பந்தயம் இந்த வகைச் சைக்கிளைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. ஆனால் கான்சஸ் சரளை ஒரு ரகம். இங்கே மலைமுதுகிலிருந்து பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக இறங்கும் உருட்டுக்கல் பாதை வேறு ரகம். அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பஞ்சர் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் முதல் நாளிலேயே இரண்டு பாடம். பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை இறக்கி, தார்ப்பாதையின் ஓரமாக மண்ணில் நின்று ஹெல்மெட் மாட்டினேன். நெருஞ்சி வளர்வது அந்த மாதிரி இடத்தில்தான்: தார் முடிந்து மண் தொடங்குகிற, யாரும் கவனிக்காத ஓரம். காட்டுக்குள்ளே அவ்வளவாக இல்லை. பாதி மைல் போவதற்குள் காற்றுப் போயிற்று. முள்ளைப் பிடுங்கினேன், டியூபை மாற்றினேன், பெருமையாகக் கிளம்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் போயிற்று. டயருக்குள் இன்னொரு முள்ளின் நுனி ஒடிந்து நின்றிருக்கிறது. ஊரில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணாச்சி டயரின் உள்பக்கம் ஒரு சுற்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டியூபைச் சொருகுவார். சிறுவயதில் ஆயிரம் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த காரியம், தேவைப்பட்ட நாளில் ஞாபகம் வரவில்லை. இப்போது விரலுக்குப் பதில் பழைய பனியன் துணியை விட்டு ஒரு சுற்றுத் துடைக்கிறேன். முள் இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும், விரலும் கிழியாது.

அதன் பிறகு டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டேன். டயருக்குள் டியூபுக்குப் பதிலாக வெள்ளையாக ஒரு ரப்பர் பால் ஊற்றிவிடுவார்கள். முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கிய கையோடு ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் போதும், சீறிக்கொண்டே அடங்கிவிடும். நெருஞ்சி அளவு ஓட்டைக்கு இது அற்புதம். கல் கிழித்த ஓட்டைக்குப் போதாது. அதற்கு ரப்பர்த் திரியைச் சொருகுகிற ஊசி வேண்டும். இந்தப் பால் சும்மா இருந்தாலும் காய்ந்துவிடும் என்பது முக்கியம். இந்த ஊர் வெயிலில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் விட்டால், உள்ளே பால் இல்லை, வெறும் ஆடைதான் இருக்கும். ஒரு கோடை முழுக்க நான் அந்த ஆடையை நம்பி ஓட்டியிருக்கிறேன். டியூப்லெஸ் வைத்திருந்தாலும் பையில் ஒரு டியூப் கட்டாயம்.

அடுத்தது காற்று. இதைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். சிறுவயதில் நமக்குச் சொல்லித்தந்தது டயரைக் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது என்பதுதான். அந்தப் பழக்கத்தில் 40 மில்லிமீட்டர் டயரில் 60 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு போனேன். வண்டி கல்லின் மேல் போகாமல் கல்லுக்குக் கல் குதித்தது. ஏற்றத்தில் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சும்மா சுற்றியது. ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போனது. நண்பர் என் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, கிரிக்கெட் பந்து மாதிரி வச்சிருக்கீங்க!” என்றார். பிறகு ஒவ்வொரு வாரமும் இரண்டிரண்டாகக் குறைத்து, டியூப் இருந்த காலத்தில் 35க்கு வந்தேன். அங்கே ஒரு கல்லில் இடித்து, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. டியூப்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது என் 78 கிலோவுக்குப் பின்னால் 32, முன்னால் 29. உங்கள் எடைக்கு இது பொருந்தாது. ஆனால் முன்சக்கரத்தில் இரண்டு மூன்று குறைவாக வைப்பது எல்லாருக்கும் நல்லது, திருப்பத்தில் அதுதான் மண்ணைக் கவ்வும். பம்பில் இருக்கிற மானியின் முள்ளை நம்பாதீர்கள். தனியாக ஒரு டிஜிட்டல் மானி வாங்கினேன், இந்தச் சைக்கிளுக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியான செலவு அது.

பாதைக்கு வருவோம். நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் தார்ச்சாலை, அலிசோ ஓடையை ஒட்டிப் போகும். அதில் வலதுபக்கம் பிரிவதுதான் வுட் கேன்யன் பாதை. அகலமான மண்சாலை, மெதுவாக ஏறிக்கொண்டே போகும், அங்கங்கே மரநிழல். கிராவல் பைக்குக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதில் மட்டும் போய்த் திரும்பினால்கூடக் காலை நிறைந்துவிடும். வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தால் டிரிப்பிங் கேவ் என்ற மணற்கல் குகை. அந்தக் காலத்தில் வழிப்பறிக்காரர்கள் இதில் பதுங்கியிருந்தார்கள் என்று கதை. கூரையில் புகை படிந்த கறுப்பைக் காட்டுவார்கள். அதற்கெல்லாம் முன்பே அலிசோ ஓடை, அகாச்செமென், டோங்வா என்ற இரண்டு பூர்வகுடிகளின் நிலத்துக்கு எல்லையாக இருந்தது.

வுட் கேன்யனின் மேல்முனைப் பக்கத்திலிருந்து சோயா என்று ஒரு குட்டை ஏற்றம் மலைமுதுகுக்கு ஏற்றிவிடும். எழுத்துப்படி வாசித்தால் சொல்லா. கள்ளிச்செடி ஒன்றின் ஸ்பானியப் பெயர். முதுகில் ஏறிவிட்டால் வெஸ்ட் ரிட்ஜ் பாதை. அதில் தெற்கே போனால் முடிவில் டாப் ஆஃப் த வேர்ல்ட். பேருக்கு உலகத்தின் உச்சி, உயரம் சுமார் 1,000 அடி. திருப்பரங்குன்றத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பசிபிக் கடல், தெளிவான நாளில் காட்டலினா தீவு, மறுபக்கம் சாடில்பேக் மலை. குளிர்காலத்தில் அதற்கும் அப்பால் பனி மூடிய மலைகள்.

முதல் சில மாதம் சோயா ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். பழைய வண்டியாக வாங்கியதில் பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல், முன்னால் 40. சமதளத்தில் பறக்கலாம், இந்த மாதிரி ஏற்றத்தில் முழங்கால்தான் பறக்கும். பின்னால் 42 பல் போட்ட பிறகு உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது. கேசட் என்கிற அந்தப் பின்பல்சக்கர அடுக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன், செயினைப் பல் மாற்றிவிடுகிற பின் டீரெய்லரையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே பல்லை எண்ணிக்கொள்ளுங்கள். முன்பல்லைவிடப் பின்பல் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால்தான் நம்மைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கு மலை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பது ரோட்டுப் பழக்கம். இங்கே எழுந்தால் பின்சக்கரத்தில் எடை போய் அது வழுக்கும். உட்கார்ந்தபடி நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்துவதுதான் வழி.

ஏறியது ஏறியாயிற்று, இறங்க வேண்டுமே. நான் விழுந்தது இறக்கத்தில்.

மேத்திஸ் என்று ஒரு பாதை மலைமுதுகிலிருந்து வுட் கேன்யனுக்கு இறங்கும். அகலமான பாதைதான். அகலமாக இருந்ததால்தான் ஏமாந்தேன். கெட்டித்துப்போன தரை, அதன் மேல் பட்டாணி அளவு சரளை தூவிய மாதிரி. அரிசி சிந்திய சிமென்டுத் தரையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? அதுதான். அதோடு நல்ல சரிவு. எனக்கு முன்னால் நண்பர் மவுன்டன் பைக்கில் சர்ரென்று இறங்கிவிட்டார். நான் ஹேண்டில்பாரின் மேல்கொம்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் பிரேக்கை எட்டிப் பிடித்தபடி போனேன். அந்தப் பிடியில் பிரேக்கை அமுக்க விரலுக்குப் பலம் போதாது. வேகம் கூடக் கூடப் பதற்றத்தில் முழு பலத்தையும் போட்டு அமுக்கினேன். அதுவும் திருப்பத்துக்கு நடுவில். முன்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கியது. அதற்கப்புறம் நான் சரளையின் மேல், சைக்கிள் என் மேல்.

முழங்கை சிராய்ப்பு, இடுப்பில் கறுப்பு. கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கை பிழைத்தது. எழுந்து தூசி தட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று மிதித்துப் பார்த்தால் செயின் தானாகப் பல் மாறுகிறது. டீரெய்லரை ஃபிரேமோடு சேர்க்கிற ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்துவிட்டது. ஃபிரேம் உடையாமல் இருக்க அது வளைய வேண்டும் என்றே மெல்லிசாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்காது. அந்த நிலையில் பெரிய பல்லுக்குப் போட்டால் டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போய்விடும், எல்லாம் போச்சு. இது தெரியாமல் நான் போட்டேன். இரண்டு கம்பி அறுந்தது. போனை எடுத்தால் அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. மிச்சத் தூரம் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இப்போது பையில் ஒரு ஹேங்கர் எப்போதும் கிடக்கிறது. எடை ஒரு நெல்லிக்காய் அளவு.

அந்த விழுகைக்கு அப்புறம் இறக்கத்தை அரிச்சுவடியிலிருந்து படித்தேன். கையைக் கீழ்வளைவில் வைத்தால் ஒரே விரலில் பிரேக் முழுசாகக் கிடைக்கிறது, உடம்பின் எடையும் தாழ்கிறது. குனிந்தால் தலைகுப்புற விழுவோம் என்று தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்க, முழங்காலையும் முழங்கையையும் தளர்வாக விட வேண்டும். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, திருப்பத்துக்குள் விட்டுவிட வேண்டும். பார்வை பத்துப் பதினைந்து அடி முன்னால். எந்தக் கல்லில் மோதக் கூடாது என்று முறைத்துப் பார்க்கிறோமோ அந்தக் கல்லுக்கே வண்டி போகும். இது மாயமந்திரம் மாதிரி, ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

இவ்வளவு படித்த பிறகும் மேத்திஸ் இறக்கத்தின் மேல்பகுதியில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ராக்-இட் என்று இன்னொரு ஒற்றையடிப் பாதை, மணற்கல் பாறை மேலேயே இறங்கும். மவுன்டன் பைக்காரர்கள் உயிரை விடுவார்கள் அதற்கு. ஒருமுறை போனேன். பாதிக்கு மேல் சைக்கிளைத் தோளில் சுமந்தேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் நின்று, என் டயரைப் பார்த்து, தப்பான வண்டியைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கோபம் வந்தது. இணையத்தில் கிராவல் பைக்கில் எதிலும் இறங்கலாம் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் இருபத்தைந்து வயதுக்காரர்கள், விழுந்ததை வெட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. என் கணக்கில் இந்தப் பூங்காவில் கிராவல் பைக்குக்கு ஆனந்தமான பாதை பாதி, பல்லைக் கடித்துக்கொண்டு போகிற பாதை கால்வாசி, மிச்சம் நமக்கில்லை. ஒரு பாதி போதாதா?

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு. இங்கே மழை குளிர்காலத்தில்தான். ஒரு நல்ல மழை பெய்தால் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள், பெரும்பாலும் மூன்று நாள் வரை. வானம் வெளுத்து வெயில் அடிக்கிறது, சனிக்கிழமை, பூட்டு தொங்குகிறது. முதல் வருடம் இதென்ன அநியாயம் என்று புலம்பினேன். அதே வாரம் வேறொரு இடத்தில் திறந்து கிடந்த மண்பாதையில் புகுந்தேன். நூறடி போயிருப்பேன். சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் களிமண் அப்பி, அதில் புல்லும் சரளையும் சேர்ந்து, செங்கல் மாதிரி இறுகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் வண்டி இரண்டு மடங்கு கனம்.

கரிசல்காட்டில் வளர்ந்தவன் நான். ஐப்பசி மழையில் காட்டுவழியில் சைக்கிள் போகாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மட்கார்டுக்குள் கரிசல் அப்பிக்கொண்டால் குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுப்போம், பத்தடி போனால் மறுபடியும் அப்பும், கடைசியில் சைக்கிள் நம்மேல் ஏறி வரும். என் அப்பா மழைநாளில் சைக்கிளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். அமெரிக்காவில் மண் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ! பூட்டுவது நம் சைக்கிளுக்காக மட்டுமல்ல. ஈரத்தில் பதிந்த தடம் வெயிலில் காய்ந்தால் சிமென்டு வார்த்த மாதிரி அடுத்த மழைவரை நிற்கும். அந்தக் காய்ந்த பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டினால் திருப்ப முடியாது. யாரோ ஈரத்தில் ஓட்டிய தடத்தில் ஏப்ரலில் நான் இரண்டு தடவை தடுமாறியிருக்கிறேன்.

காட்டில் நாம் மட்டும் இல்லையே. பாதையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கே பலகையாகவே வைத்திருக்கிறது: குதிரைக்கு எல்லாரும், நடப்பவருக்குச் சைக்கிள். இறங்குகிற சைக்கிள் ஏறுகிற சைக்கிளுக்கு வழிவிடுவது வழக்கம். ஏறுகிறவன் நின்றால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று சோயாவில் தள்ளியவனுக்குத்தான் தெரியும். குதிரை வந்தால் நின்று, இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி, ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குக் குரலால்தான் தெரியும். நான் தமிழிலேயே பேசுவேன். “வாப்பா, போப்பா, ஒன்றுமில்லை” என்றால் குதிரைக்குப் புரிகிறது, மேலே இருக்கிற அம்மையாருக்குத்தான் புரிவதில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மணி கட்டாயம் வையுங்கள். கூப்பிட்டால் ஆட்கள் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் சிதறுவார்கள். மணிச்சத்தம் கேட்டால் சிரித்துக்கொண்டு ஒதுங்குவார்கள்.

பாம்பு. மார்ச் முதல் அக்டோபர் வரை ராட்டில்ஸ்நேக் காலம். வாலில் கிலுகிலுப்பை வைத்த விரியன் என்று அம்மாவுக்குப் போனில் விளக்கினேன், அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரு ஏப்ரல் காலையில் வெஸ்ட் ரிட்ஜில் பாதைக்குக் குறுக்கே குச்சி மாதிரி கிடந்தது. கிலுகிலுக்கவே இல்லை. எப்போதும் சத்தம் போட்டு எச்சரிக்கும் என்று நம்பக் கூடாது. பதினைந்தடி தள்ளி நிறுத்திவிட்டோம். நண்பர், “அண்ணே, சின்னதா ஒரு கல்லை உருட்டிவிடட்டுமா?” என்றார். “சும்மா இருப்பா, அது வீடு இது” என்றேன். ஆறேழு நிமிடம் காத்திருந்தோம், அதுவாகப் போயிற்று. கடித்தால் என்ன செய்வது என்பது இங்கேயும் நம் ஊரிலும் ஒன்றுதான்: கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. சினிமாவில் கதாநாயகன் செய்கிற எதையும் செய்யக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, அசையாமல் உட்கார்ந்து, இங்கே என்றால் 911ஐ, அழைக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடங்கள் எவை என்று முன்பே தெரிந்து வைத்திருப்பதன் அருமை அப்போது தெரியும்.

பாம்பைவிட எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது ஒரு செடி. பாய்சன் ஓக். மூன்று மூன்றாக இலை, பளபளப்பாக, ஓடையோரத்து நிழலில் அழகாக இருக்கும், இலையுதிர்காலத்தில் சிவக்கும். அதன் பால் தோலில் பட்டால் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும். எனக்கு இரண்டு வாரம் இருந்தது. படித்துப் பார்த்தால் இது நம் சேராங்கொட்டையின் குடும்பம். மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். சலவைத்துணியில் குறிபோடுகிற சேராங்கொட்டை மை பட்டுப் புண்ணானவர்களைப் பார்த்திருப்போமே, அதே வகை எண்ணெய். நண்பருக்கு அதே இடத்தில் உரசியும் ஒன்றும் ஆகவில்லை, அவரவர் உடம்புவாகு. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பதோடு, கையுறை, ஷூ லேஸ், ஹேண்டில்பார் நாடா எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். எண்ணெய் அதில் தங்கியிருந்து அடுத்த வாரம் மறுபடியும் ஒட்டும். எனக்கு இரண்டாம் தடவை வந்தது ஹெல்மெட் வாரிலிருந்துதான் என்று சந்தேகம்.

மலைச் சிங்கத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பூமா என்கிற அந்தப் பெரிய பூனையை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. ஆனால் இதே கவுண்டியில் வைட்டிங் ராஞ்ச் காட்டுப் பூங்காவில் 2004 ஜனவரியில், ஒரே நாளில், ஒரே பூமா ஒரு சைக்கிள்காரரைக் கொன்று, இன்னொரு பெண்ணைத் தாக்கியது. அவரோடு வந்த தோழி அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை; ஓடிவந்தவர்கள் கல்லெறிந்து விரட்டினார்கள். அவர் பிழைத்தார். இப்படி நடப்பது மிக மிக அரிது, அதற்காகப் பயந்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. நான் மாற்றிக்கொண்டது இரண்டே காரியம்: பொழுது சாயும் நேரத்தில் தனியாக உள்ளே போவதில்லை, பழுது பார்க்கப் புதர் ஓரமாகக் குத்தவைத்து உட்காராமல், திறந்த இடமாகப் பார்த்து, சைக்கிளை நிமிர்த்தி வைத்து வேலை செய்கிறேன். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, கண்ணை எடுக்காமல் சைக்கிளைக் குறுக்கே பிடித்து ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டும்.

தண்ணீர் இரண்டு பாட்டில், ஒன்றரை லிட்டர். உள்ளே குழாய் கிடையாது, உச்சியில் ஊரைத் தொட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு பூங்காவில்தான் நிரப்ப முடியும். மே, ஜூன் மாதங்களில் காலையில் கடல்மூட்டம் மூடிக் குளிர்ச்சியாக இருக்கும், அப்போது ஓட்டுவது சுகம். செப்டம்பர், அக்டோபரில் பாலைவனப் பக்கமிருந்து சான்டா ஆனா காற்று அடித்தால் உதடு வெடிக்கும். தீ எச்சரிக்கை கொடுத்த நாளில் நான் போவதே இல்லை. 2022 மே மாதம் இந்தப் பள்ளத்தாக்கில் பிடித்த தீ, கடற்காற்றில் மேட்டில் ஏறி லகூனா நிகேலில் 20 வீடுகளை எரித்துவிட்டது. சுமார் 200 ஏக்கர்தான், பெரிய தீகூட இல்லை. தார்ச்சாலையில் போகும்போது மேலே அந்தச் சரிவைப் பார்த்தால், எவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்கும் என்று கண்ணால் அளந்துகொள்ளலாம்.

சாப்பாட்டுக்குக் கடைகளில் விற்கிற ஜெல்லை இரண்டு தடவை முயன்றேன், பற்பசையைச் சர்க்கரை தொட்டுத் தின்ற மாதிரி இருந்தது. இப்போது கடலை மிட்டாய். எங்கள் ஊர்ச் சரக்கு, 2020இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வெயிலில் உருகாது, சட்டைப்பையில் நசுங்காது, கடலைக்குக் கொழுப்பும் வெல்லத்துக்குச் சர்க்கரையும். உப்புக்கு ஊறுகாய் தடவிய தயிர்சாதம், அது காரில் காத்திருக்கும். உச்சியில் பெஞ்சில் உட்கார்ந்து நண்பருக்கு ஒரு துண்டு கொடுத்தால், “தஞ்சாவூர்ல இதைவிட நல்லா போடுவாங்கண்ணே” என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்பார்.

போன வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் 45 மில்லிமீட்டர் டயர் போடலாமா என்ற பேச்சு வந்தது. இறக்கத்தில் பிடிமானம் கூடும், காற்றை இன்னும் குறைக்கலாம், மேத்திஸில் சைக்கிளை விட்டு இறங்காமலே போகலாம் என்று நண்பர் ஆசை காட்டினார். வீட்டுக்கு வந்து ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று அளந்தேன். உள்ளே போகும், பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டர் மிஞ்சும். கடையிலும் தாராளமாகப் போடலாம் என்றார்கள். ஆனால் நாலு மில்லிமீட்டர் இடுக்கில் ஈரமண் என்ன செய்யும் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.